பின்னால் அமர்பவள் பேசலாமா?

பயணம் என்றாலே மனம் துள்ளுகிறது. அதிலும் மோட்டார் சைக்கிளில், வயல்களுக்கு நடுவே ஒரு நாள் முழுவதும் சுற்றிவரும் பயணம் என்றால் கேட்கவும் வேண்டுமா! பேருந்தில் சன்னலோரத்து இடம் கிடைத்தால்தான் ஊர் தெரியும். மோட்டார் சைக்கிளிலோ நாற்புறமும் சன்னல்தான். ஆனால் இத்தகைய பயணத்தைப் பற்றிப் பேசுவோர் எல்லாரும் ஓட்டுபவரைப் பற்றியே பேசுகிறார்கள். பின்னிருக்கையில் அமர்பவரை எவரும் நினைப்பதில்லை.

பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு வயது பதினைந்து. கியர் உள்ள வண்டியை ஓட்ட உரிமம் பெறப் பதினெட்டு வயது நிரம்ப வேண்டும். ஆகவே இன்று நாங்கள் அனைவரும் பின்னிருக்கைக்கு உரியவர்களே. அந்த இருக்கையிலிருந்து சில சொற்கள் சொல்ல விரும்புகிறோம்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் தோழியர் மூவர் எங்கள் தந்தையருடன் மூன்று வண்டிகளில் சேலத்திலிருந்து கொல்லிமலைக்குப் புறப்பட்டோம். விடியற்காலைப் பனியில் கைவிரல்கள் விறைத்தன. மல்லூர் வரை நெடுஞ்சாலை. லாரிகள் கடந்து செல்லும்போதெல்லாம் அவற்றின் காற்று எங்கள் வண்டியை ஓரமாகத் தள்ளியது. ராசிபுரம் சாலையில் திரும்பிய பிறகுதான் நிம்மதியாக மூச்சுவிட்டோம்.

அங்கே ஓர் உண்மையைக் கண்டோம். ஓட்டுபவர் காண்பது சாலையை. பின்னால் அமர்பவர் காண்பதே ஊரை. தந்தையரின் கண்கள் குழியிலும், குறுக்கே ஓடும் ஆட்டிலும், சாயம் பூசாத வேகத்தடையிலும் இருந்தன. நாங்களோ பிடுங்கிக் குவித்த மரவள்ளிக்கிழங்கைப் பார்த்தோம். ஆலை முற்றங்களில் வெண்மணல் பரப்பியதுபோல் ஜவ்வரிசி காய்வதைப் பார்த்தோம். ஓரிடத்தில் பாதிச் சாலையை அடைத்துச் சோளம் காயப் போட்டிருந்தார்கள். தானியத்தின்மேல் சக்கரம் ஏறினால் வழுக்கும். எங்களுள் ஒருத்தி அதை முதலில் கண்டு, "அப்பா, சோளம் கிடக்குது, மெதுவாப் போங்க!" என்றாள். "சரி கண்ணு" என்று அவர் வேகத்தைக் குறைத்தார். இரண்டு கண்களைவிட நான்கு கண்கள் நல்லவை அன்றோ?

பேளுக்குறிச்சியைக் கடந்து காரவள்ளி அடிவாரத்தை அடைந்தோம். அங்கிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. சேலத்துப் பிள்ளைகளுக்கு ஏற்காட்டுச் சாலையின் இருபது வளைவுகள் பழக்கம். எழுபது என்பது வேறு கதை. வளைவில் வண்டி சாயும்போது பின்னால் இருப்பவரும் உடன் சாய வேண்டும். பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வண்டி நிலை தடுமாறும். ஆகவே பின்னால் இருப்பவர் வெறும் சுமை அல்லர். வண்டியைச் செலுத்துவதில் அவருக்கும் பங்கு உண்டு. சோளக்காட்டில் நின்று கீழே நோக்கியபோது, நாங்கள் கடந்து வந்த சமவெளி ஒட்டுப்போட்ட போர்வைபோல் விரிந்து கிடந்தது. செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையையும் கண்டு மகிழ்ந்தோம்.

மாலையில் இறங்கும்போதுதான் அது நடந்தது. இருட்டுவதற்குள் அடிவாரம் சேர வேண்டும் என்று வண்டிகள் சற்று விரைந்தன. எங்களுள் ஒருத்தி ஒரு பக்கமாகக் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தாள். ஒரு வளைவில் அவளது துப்பட்டாவை யாரோ பின்னாலிருந்து இழுப்பது போலிருந்தது. அவள் அதைச் சட்டென்று சுருட்டிக்கொண்டு வாய் திறவாமல் இருந்துவிட்டாள். காரவள்ளித் தேநீர்க்கடையில் இறங்கிப் பார்த்தால், துப்பட்டாவின் முனை கிழிந்து, சங்கிலி எண்ணெய் பட்டுக் கறுத்திருந்தது. அந்த வண்டியில் சக்கரத்தை மறைக்கும் கம்பித் தடுப்பை அழகு கெடுகிறது என்று எப்போதோ கழற்றிவிட்டார்களாம்!

"ஏன் கண்ணு, அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று தந்தை பதறினார்.

"வண்டி ஓட்டுறப்போ பேசக் கூடாதுன்னு நீங்கதானே அப்பா சொன்னீங்க?" என்றாள் அவள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆறிப்போன தேநீரையும் குடிக்கவில்லை. இறையருளால் அன்று யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. ஆனால் அந்த மௌனம்தான் எங்களை இக்கட்டுரை எழுத வைத்தது.

முதலாவது, தலைக்கவசம். அன்று எங்களிடம் இருந்தவை மூன்று வண்டிகள், ஆறு தலைகள், நான்கு கவசங்கள். தந்தையர் மூவரும் அணிந்திருந்தனர். மகளிரில் ஒருத்தியே அணிந்திருந்தாள். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு, ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் ஆகிய இருவருக்குமே கவசத்தை விதிக்கிறது. தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் இருவரும் கட்டாயம் அணிய வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் கவசம் வேண்டும் என்கிறது. தரையில் மோதும் தலைக்கு முன்னிருக்கை, பின்னிருக்கை என்ற வேறுபாடு தெரியாது.

இரண்டாவது, அமரும் முறையும் உடையும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும், காலை ஊன்ற இடமும், ஆடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் வேண்டும் என்கிறது. தடுப்பைக் கழற்றுவது அழகன்று, அறியாமை. பெண் பிள்ளை இருபுறமும் கால் போட்டு அமர்வது அடக்கமன்று எனச் சில பெரியோர் எண்ணுகின்றனர். அவர்களை மதிக்கிறோம். ஆயினும் சுடிதார் அணிந்து, துப்பட்டாவை இடுப்பில் முடிந்து, நேராக அமர்வதில் அடக்கத்துக்கு என்ன குறை? 1916-இல் அமெரிக்காவின் வான் பியூரன் சகோதரிகள் இருவர் தம் நாட்டைக் குறுக்கே கடந்து தனித்தனி மோட்டார் சைக்கிள்களில் சென்றனர். வழியில் அவர்களைக் காவலர் பிடித்தது, ஆண்களின் உடை அணிந்த குற்றத்துக்காக! இன்று அதைக் கேட்டுச் சிரிக்கிறோம். நம்மைக் கேட்டு நாளை யாரும் சிரிக்காதிருக்கட்டும்.

மூன்றாவதும் முக்கியமானதும் எங்கள் குரல். பின்னால் இருந்து ஓயாமல் பேசினால் ஓட்டுபவரின் கவனம் சிதறும் என்பது உண்மையே. நாங்கள் அரட்டைக்கு உரிமை கேட்கவில்லை. "மெதுவா", "நில்லுங்க" என்னும் இரண்டு சொற்களுக்கே உரிமை கேட்கிறோம். காற்றில் அவை கேட்காமல் போகலாம். ஆகவே திரும்பி வரும் வழியில் நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். தோளில் ஒருமுறை தட்டினால் மெதுவாகச் செல்ல வேண்டும். இருமுறை தட்டினால் நிற்க வேண்டும். ஏன் என்ற கேள்வியை நின்ற பிறகு கேட்கலாம். அன்றிரவு சேலம் சேரும் வரை ஒரே ஒருமுறைதான் தட்ட நேர்ந்தது. தந்தை உடனே மெதுவாகச் சென்றார்.

பயணிகளின் பாதுகாவலராம் புனித கிறிஸ்தோபர், ஒரு குழந்தையைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்தார் என்பது மரபுவழி வரலாறு. தாம் சுமப்பது யாரை என்பதை, குழந்தை வாய் திறந்து சொன்ன பிறகே அவர் அறிந்தாராம். எங்களை அன்போடு சுமந்து செல்லும் தந்தையரே, அண்ணன்மாரே! அடுத்த விடுமுறையிலும் உங்களோடு வரவே விரும்புகிறோம். புறப்படும்போது இன்னொரு கவசத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கை உங்கள் தோளைத் தட்டினால், அருள்கூர்ந்து செவிசாயுங்கள்.