ஆடு விளங்காத கை என்று ஒன்று கிடையாது

சேத்தூர், தேவதானம், முகவூர் பக்கம் ஐந்தாறு செம்மறி வைத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணின் கொட்டிலில் அடுத்தடுத்து மூன்று ஆடு விழுந்துவிட்டால், என்ன நோய் என்று யாரும் விசாரிப்பதில்லை. நேரே தீர்ப்புதான். “அவ கைக்கு ஆடு விளங்காது.” அவள் கைம்பெண்ணாகவும் இருந்துவிட்டால் அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடே இல்லை. தாலி நிலைக்காத கையில் ஆடு மட்டும் எப்படி நிலைக்கும் என்று வாய்கூசாமல் கேட்பார்கள். அதன்பின் பக்கத்து வீட்டுப் பெட்டை ஈனும்போது அவளைக் கூப்பிட மாட்டார்கள். வாரத்துக்கு விட்டிருந்த குட்டியையும் ஏதோ சாக்குச் சொல்லித் திரும்ப ஓட்டிப் போவார்கள்.

கைராசி, கண்ணேறு என்ற இந்த நம்பிக்கை ஒரு பெண்ணை அவமதிக்கிறது என்பது பாதி. அதுவே ஆட்டையும் கொல்கிறது என்பது மீதி. இரண்டுக்காகவும் இதை எதிர்க்கிறேன்.

இப்படிப் பேசுகிறவர்களை அறிவில்லாதவர்கள் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். கொட்டிலிலேயே கொழுத்த குட்டி, தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று பார்த்து “நல்லா வந்திருக்கே” என்று சொல்லிப் போன குட்டி, சாயங்காலம் வயிறு நிறைய மேய்ந்து வருகிறது. விடிந்து பார்த்தால் தலையைப் பின்னுக்கு வளைத்து, காலை உதைத்துக்கொண்டு கிடக்கிறது. பக்கத்திலேயே நிற்கும் நோஞ்சான் குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்த்தவர் கண்தான் பட்டுவிட்டது என்று நினைக்க இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அந்த நோய்க்குப் பெயர் உண்டு. துள்ளுமாரி. அதை உண்டாக்கும் க்ளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா நல்ல ஆட்டின் குடலிலும் கொஞ்சம் இருப்பதுதான். ஐப்பசி மழைக்குப் பின் தளதளவென்று எழும் இளம்புல்லையோ, அறுத்த வயலில் சிந்திக் கிடக்கும் தானியத்தையோ ஆடு திடீரென்று வயிறு முட்டத் தின்றால், செரிக்காத மாவுச்சத்து குடலுக்குள் இறங்குகிறது. அதில் இந்த பாக்டீரியா பல்கிப் பெருகி நஞ்சு கக்குகிறது. நஞ்சு இரத்தத்தில் ஏறி மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்க, சில மணி நேரத்தில் ஆடு துள்ளி விழுந்து சாகிறது. நிறையத் தின்கிற, நிறையப் பால் குடிக்கிற குட்டிக்குத்தான் இது முதலில் வரும். கொழுத்தது முதலில் போவதன் காரணம் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. தெருவில் நின்று பார்த்தவருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

இதற்குத் தடுப்பூசி உண்டு. ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கிவரும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் தயாரிக்கும் மருந்துகளில் இதுவும் ஒன்று. குட்டிக்கு முதல் ஊசி, இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொன்று, பிறகு ஆண்டுக்கு ஒன்று, அதுவும் மழைக்கு முன்னால். சினை ஆட்டுக்குப் போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் சில வாரங்களுக்குக் காப்பு கிடைக்கும். கண்ணேறு என்று நம்புகிறவள் என்ன செய்கிறாள்? படிகாரம் சுற்றிப் போடுகிறாள், கொட்டில் வாசலில் பழைய செருப்பைத் தொங்கவிடுகிறாள், மீந்த குட்டிகளின் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டுகிறாள். தோஷம் கழிந்தது என்ற நிம்மதியோடு மறுநாளும் அதே வயலுக்கு ஓட்டுகிறாள். அடுத்த குட்டியும் போகிறது. இந்த நம்பிக்கை ஆட்டைக் கொல்கிறது என்று நான் சொல்வது இதைத்தான்.

கல்யாண வீட்டுச் சோறும் இப்படித்தான். பந்தி முடிந்து கொட்டிய சோற்றுக் குவியலில் வாய்வைத்த ஆடு இரைப்பை புளித்து, உடல்நீர் வற்றி, ஓரிரு நாளில் சாகும். மங்கல வீட்டில் அவளுடைய ஆடு வந்து நின்றதே குற்றம் என்பார்கள்.

இந்தப் பக்கத்தின் பெரிய கொலைகாரன் இதைவிட அமைதியானவன். அது குடற்புழு. மேய்ச்சல் நிலம் சுருங்கியதும் அது பெருக ஒரு காரணம். மேற்கே மலையடிவாரம் 1988ல் சாம்பல் நிற அணில் சரணாலயமானது. 2021ல் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் மேய்ச்சல் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022ல் உத்தரவிட்டது. காடு காக்கப்பட வேண்டியதே, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் காடு அடைபட்டால் ஆடு எங்கே போகும்? கண்மாய்க்கரைக்கும் ரோட்டோரத்துக்கும் தோப்பு விளிம்புக்கும்தான். எல்லா வீட்டு ஆடும் அதே கரையில் நாள்தோறும் புழுக்கை போட்டு, அதே கரையில் புல்லைக் கடிக்கிறது. இரைப்பையில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழுவின் பெட்டை ஒன்று நாளொன்றுக்கு 5,000க்கு மேல் முட்டை இடும். மழை ஈரத்தில் அவை பொரித்து, புழுக்குஞ்சுகள் புல்நுனி ஏறிக் காத்திருக்கும். ஆயிரம் புழு சேர்ந்தால் நாளைக்கு ஐம்பது மில்லி இரத்தம் போகும். இருபத்தைந்து கிலோ ஆட்டின் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே இரண்டு லிட்டருக்கும் குறைவு. தாடைக்குக் கீழே நீர்கோத்துத் தொங்கும், கழிச்சல்கூட இருக்காது. ஒரு நாள் மேய்ச்சலில் படுக்கும், எழாது. “காரணமே இல்லாமப் போச்சு, எல்லாம் அவ ராசி” என்று முடித்துவிடுவார்கள்.

காரணம் ஆட்டின் கீழிமையில் எழுதியிருக்கிறது. இமையைப் பிதுக்கி உட்புறத்தைப் பார்த்தால், நல்ல ஆட்டுக்குச் செக்கச்செவேலென்று இருக்கும். புழு உறிஞ்சிய ஆட்டுக்கு வெளிறி, முற்றிவிட்டால் காகிதம்போல் வெளுத்திருக்கும். தென்னாப்பிரிக்காவில் இதற்கென்று ஒரு வண்ண அட்டையே உருவாக்கி, எந்த ஆட்டுக்கு மருந்து தேவை, எதற்குத் தேவையில்லை என்று ஆட்டுக்காரர்களே பிரித்தறியக் கற்றுக்கொடுத்தார்கள். படிப்போ கருவியோ வேண்டாம், பகல் வெளிச்சம் போதும். வாரம் ஒருமுறை ஐந்து ஆட்டின் இமையைப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

சரி, ஒரு வீட்டில் அத்தனையும் செத்து, சுவரை ஒட்டிய அடுத்த வீட்டில் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லையே, அது எப்படி என்று கேட்பார்கள். ராசிக்காரர்களின் வலுவான கேள்வி இதுதான்.

ஆட்டுக்கொல்லி நோயை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே தமிழ்நாட்டில்தான், 1987ல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில். அங்கே கிடைத்த வைரசிலிருந்தே பிற்பாடு ஒரு தடுப்பூசி உருவாக்கப்பட்டது. அரசூர் 87 என்ற பெயரிலேயே அது அறியப்படுகிறது. மூக்கொழுகல், வாய்ப்புண், நாற்றமடிக்கும் கழிச்சல், மூச்சிரைப்பு என்று வரும் இந்த நோய் ஆடு ஆட்டோடு நெருங்கினால் ஒட்டும். ஒட்டிய நான்கைந்து நாள் வரை ஆடு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்கு எங்கெங்கிருந்தோ ஆடுகள் வந்து எங்கெங்கோ போகின்றன. அப்படி ஏதோ ஒரு சந்தையில் வாங்கிய ஆட்டை நேரே கொட்டிலில் கட்டியவளுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் சேதி தெரியும். அடுத்த வீட்டு ஆடுகள் முகாமில் ஊசி போட்டவையாக இருக்கலாம், அந்த ஒரே ஊசி மூன்று ஆண்டுக்காவது காக்கும். அல்லது முன்பே அந்த நோய் வந்து பிழைத்தவையாக இருக்கலாம், அப்படிப் பிழைத்த ஆட்டுக்கு அது மறுபடி வராது. ராசியான வீடு என்று ஊர் கும்பிடும் வீட்டின் ரகசியம் பெரும்பாலும் ஒரு மருந்துக்குப்பிதான்.

1997–98ல் மழையை ஒட்டித் தமிழ்நாடெங்கும் நீலநாக்கு நோய் பரவிச் செம்மறிகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. சாணியும் சேறும் கலந்த ஈரத்தில் பெருகும், கொசுவைவிடச் சிறிய ஒரு பூச்சியின் கடியால் பரவும் நோய் அது. பெரிய பெரிய கிடைக்காரர்கள், தலைமுறை தலைமுறையாக ஆட்டோடு வாழ்ந்தவர்கள், மந்தையை இழந்தார்கள். அவர்களில் யாரையும் ஆடு விளங்காத கை என்று ஊர் சொல்லவில்லை. “நோய் வந்துருச்சு, பாவம்” என்றது. நூறு ஆடு இழந்த ஆணுக்கு வந்தால் நோய், மூன்று ஆடு இழந்த பெண்ணுக்கு வந்தால் ராசியா? இந்த ஓரவஞ்சனையை என்னால் பொறுக்க முடியவில்லை.

2011ல் ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு நான்கு ஆடுகள் விலையில்லாமல் தரும் திட்டம் வந்தது. 2021–22ல் கைம்பெண்களுக்கும் கணவர் கைவிட்டவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் என்றே ஐந்து ஆடுகள் தரும் திட்டம் வந்தது. எந்தப் பெண்ணுக்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்று அரசு கருதியதோ, அந்தப் பெண்ணைத்தான் கைராசி முதலில் பதம் பார்க்கிறது. வெவ்வேறு பட்டிகளில் வளர்ந்த ஆடுகள், வண்டியில் வந்த களைப்பு, புது இடம், புதுத் தீவனம். முதல் சில வாரங்கள்தான் ஆபத்தானவை. அந்த வாரங்களில் அவளுக்குத் தேவைப்படுவது ஒரு மருத்துவரின் கையும் அனுபவப்பட்ட ஒரு ஆட்டுக்காரரின் யோசனையும்.

அரசு மருத்துவம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, நம்பிக்கைதான் குறுக்கே நிற்கிறது என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆட்டுக்கொல்லி ஊசிமருந்து பெரும்பாலும் ஐம்பது, நூறு ஆட்டுக்கான குப்பியில் வருகிறது. கலக்கிவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். நான்கு ஆட்டோடு வந்து நிற்கிறவளுக்காகக் குப்பியை உடைத்தால் மீதி வீண் என்று தயங்குவார்கள். முகாம் போடும் நாளில் அவள் நூறுநாள் வேலையில் நிற்பாள். சிறுபட்டிகள் விடுபடுவது இப்படித்தான். இதற்கு வழி இருக்கிறது. ஒரு தெருவில் பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்தால் ஒரு குப்பி நிறையும். கடன் வசூலுக்கு வாராவாரம் கூடுகிற மகளிர் குழு, ஆண்டில் ஒருநாள் ஆட்டுக்காகக் கூடி, இத்தனை உருப்படி, இந்த நாள் என்று எழுதிக்கொடுத்தால் எந்தக் கால்நடை மருந்தகமும் தட்ட முடியாது.

கைராசிப் பேச்சால் லாபம் பார்க்கிறவர்களும் உண்டு. இரண்டு ஆடு செத்த வீட்டுக்கு வியாபாரி வருவார். “கண்ணு பட்ட பட்டிம்மா, இருக்கிறதையாவது குடுத்துரு” என்பார். பாதி விலைக்கு ஓட்டிப் போவார். நோய் ஒட்டிய அந்த ஆடுகள் சந்தைக்குப் போய் இன்னும் நாலு ஊருக்கு நோயைக் கொண்டுசேர்க்கும். செத்த ஆட்டைக் கூறுபோட்டு விற்பது அதைவிட மோசம். திடீரென்று செத்த ஆட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த இரத்தம் கசிந்தால் அது அடைப்பானாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். கத்தி வைக்கவே கூடாது. சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்க வேண்டும், அந்த வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கும். மற்றச் சாவுகளில் மருத்துவரை வைத்து அறுத்துப் பார்த்தால்தான் மிஞ்சியதைக் காப்பாற்ற வழி தெரியும். காதில் வில்லை மாட்டிக் காப்பீடு செய்த ஆட்டுக்கு இழப்பீடு கிடைப்பதும் அந்தச் சான்றிதழை வைத்துத்தான். ராசி என்று முடிவுகட்டிவிட்ட வீட்டில் மருத்துவரை யார் கூப்பிடுவார்கள்?

சாமிமேல் எனக்குச் சண்டையில்லை. கிடை நல்லாயிருக்கணும் என்று பொங்கல் வைக்கிறவர்களின் மனசு எனக்குத் தெரியும். நோய் கண்ட இடத்தைவிட்டுக் கிடையை வேறு புஞ்சைக்கு மாற்றும் பழைய வழக்கத்தில் உள்ள மருத்துவ ஞானத்தையும் மதிக்கிறேன். மாடுகளை வாரிக்கொண்டுபோன வெக்கை நோய்க்கும் ஒருகாலத்தில் கும்பிட்டு அழுதோம். ஊசியால் அதை ஒழித்து, 2011ல் உலகிலிருந்தே போய்விட்டது என்று அறிவித்தார்கள். ஆட்டுக்கொல்லியை 2030க்குள் ஒழிப்பது உலக நாடுகளின் இலக்கு. அந்த ஊசி நம் தெருவுக்கு வரும்போது, “எனக்கு ராசியில்லை, எதுக்கு” என்று ஒருத்தி கொட்டிலைக் கலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஆடு செத்தால் அவள் அழுவாள். புட்டியில் பால் கொடுத்து வளர்த்த குட்டி, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கென்று ஒதுக்கிவைத்த கிடாய். அழட்டும். அந்த நேரத்தில் அவளிடம் கேட்க வேண்டியது: ஆடு என்ன தின்றது, எத்தனை நாளாய் இப்படி இருந்தது, மற்ற ஆடுகளின் இமை எப்படி இருக்கிறது, கால்நடை மருத்துவ உதவி எண் 1962க்குக் கூப்பிட்டாச்சா. புதிதாய் ஆடு வாங்கினால் மூன்று வாரம் தனியே கட்டச் சொல்லுங்கள். ஆவணி பிறந்ததும் தெருப் பெண்களைக் கூட்டி மருந்தகத்துக்கு அனுப்புங்கள். கைம்பெண் வீட்டு ஆடுகளின் எண்ணிக்கையை அந்தப் பட்டியலில் முதலில் எழுதுங்கள்.