லோனுக்கு வட்டி நாம கட்டுறோம், தம்பி ஸ்காட்லாந்து சுத்துறான்… இது தப்பா?

எஜுகேஷன் லோன் பத்தி நாம எப்போ பேசினாலும் ஒரு கேள்வி தவறாம வந்துடும். கேக்கறது வெளிநாடு போன ஸ்டூடண்ட் இல்ல. இங்க சென்னையிலயோ கோவையிலயோ வேலை பாத்துக்கிட்டு, அந்த லோன்ல கோ-அப்ளிகண்ட்டா கையெழுத்து போட்ட அண்ணனோ அக்காவோதான். "தம்பி லீட்ஸ்ல எம்எஸ்சி படிக்கிறான். மாசாமாசம் வட்டி என் அக்கவுண்ட்ல இருந்து போகுது. அவன் என்னடான்னா யார்க், எடின்பரோன்னு தனியா சுத்தி ஸ்டேட்டஸ் போடறான். நான் இங்க ஊட்டி போகவே யோசிக்கிறேன். கேட்டா ஹாஸ்டல்ல தான் தங்குறேன், சீப்புதான்னு சொல்றான்."

கோபம் நியாயமானதுதான். ஆனா கோபத்தை ஓரமா வெச்சுட்டு கணக்கு போட்டா பதில் வேற மாதிரி வருது. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: ஒரு உச்சவரம்பு போட்டு, லீவு நாள்ல, ஹாஸ்டல்ல தங்கி பிரிட்டனை சுத்திப் பாக்குற ஸ்டூடண்ட் ஊதாரி கிடையாது. அந்த ஒரு வருஷத்துல அவன் செய்யற செலவுல உருப்படியானது அதுவும் ஒண்ணு. ஆனா "சீப்புதான்"னு அவன் சொல்றான் பாருங்க, அதை மட்டும் அப்படியே நம்பாதீங்க.

முதல்ல, ஹாஸ்டல்னா என்ன?

நமக்கு ஹாஸ்டல்னா காலேஜ் ஹாஸ்டல், லேடீஸ் ஹாஸ்டல், மெஸ் சாம்பார். அங்க அர்த்தமே வேற. ஒரு ரூம்ல 4, 6, 8 பங்க் பெட் இருக்கும். ரூமுக்கு இல்ல, ஒரு பெட்டுக்கு, ஒரு ராத்திரிக்கு காசு. பாத்ரூம் பொது, சமையலறையும் பொது. பெண்களுக்கு மட்டுமான ரூம் நிறைய இடத்துல உண்டு. பெரும்பாலும் டவல் தர மாட்டாங்க, லாக்கருக்குப் பூட்டு நாமதான் கொண்டு போகணும்.

இது இன்ஸ்டாகிராம் வந்தப்புறம் முளைச்ச ஃபேஷன் இல்லீங்க. இங்கிலாந்து, வேல்ஸ்ல ஹாஸ்டல் நடத்துற யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் 1930-ல ஆரம்பிச்சது. ஸ்காட்லாந்துக்குன்னு தனி அமைப்பு 1931-ல வந்தது. கையில காசு குறைவா இருக்கற இளைஞர்கள், முக்கியமா தொழில் நகரங்கள்ல வேலை செஞ்சவங்க, வாரக்கடைசியில நகரத்தை விட்டு மலைப்பக்கம் நடக்கப் போகணும்ங்கறதுதான் நோக்கம். அப்போ ஒரு ராத்திரிக்கு 1 ஷில்லிங். அதாவது, குறைஞ்ச சம்பளக்காரனும் ஊரைப் பாக்கணும்னு உருவான ஏற்பாடு இது. ஹாஸ்டல்ல தங்குறதை கஞ்சத்தனம்னு நினைக்கறவங்களும் சரி, பந்தான்னு நினைக்கறவங்களும் சரி, இதைத் தெரிஞ்சுக்கிட்டா நல்லது.

ஒரு டிரிப்புக்கு உண்மையில எவ்வளவு?

லீட்ஸ்ல இருக்கற ஒரு ஸ்டூடண்ட்டை எடுத்துக்குவோம். ஈஸ்டர் லீவுல 6 நாள், 5 ராத்திரி. யார்க்ல ஒரு ராத்திரி, நியூகாசில்ல ரெண்டு, எடின்பரோவுல ரெண்டு. 1 பவுண்டு 115 ரூபாய்னு வெச்சுக்குவோம். கீழ இருக்கறது நான் போட்ட உத்தேசக் கணக்கு. சீசனைப் பொறுத்து ஏறும், இறங்கும்.

- முன்கூட்டியே புக் பண்ண ரயில், திரும்ப கோச் பஸ்: 55 பவுண்டு
- ஹாஸ்டல் 5 ராத்திரி, ராத்திரிக்கு 24 வீதம்: 120 பவுண்டு
- சாப்பாடு, நாளைக்கு 12 வீதம்: 72 பவுண்டு
- நுழைவுச்சீட்டு: 25 பவுண்டு
- லோக்கல் பஸ்: 13 பவுண்டு

மொத்தம் 285 பவுண்டு. நம்ம காசுல 32,775 ரூபாய்.

இதே ஊர்களை நீங்க இங்கிருந்து போய் பாக்கணும்னா? 2025 ஏப்ரல் கட்டணப்படி விசிட்டர் விசா மட்டும் 127 பவுண்டு, அதாவது 14,605 ரூபாய். போய்வர ஃப்ளைட் 65,000-னு வெச்சுக்கிட்டாலும், ஒரு கோட்டையைக் கூட பாக்கறதுக்கு முன்னாடியே 79,605 ரூபாய் காலி. பேக்கேஜ்ல போனா டிசிஎஸ் வேற பிடிப்பாங்க.

இங்கதான் என் வாதத்தோட மையம் இருக்கு. உங்க தம்பி ஃப்ளைட், விசா, ஹெல்த் சர்சார்ஜ் எல்லாம் ஏற்கெனவே கட்டிட்டான். படிக்கறதுக்காகக் கட்டினது அது. அந்தக் காசு போயாச்சு. இனிமே எடின்பரோ பாக்க அவனுக்கு ஆகறது கூடுதல் செலவு மட்டும்தான். அந்த விலை அவனுக்கு இந்த ஒரு வருஷம் மட்டும்தான் கிடைக்கும்.

"வேலை கிடைச்சதும் பாத்துக்கலாம்"னு சொல்றது ஈஸி. படிப்பு முடிஞ்சதும் கிடைக்கற கிராஜுவேட் விசா இப்போ 2 வருஷம். 2027 ஜனவரி 1-லிருந்து விண்ணப்பிக்கறவங்களுக்கு மாஸ்டர்ஸ் முடிச்சிருந்தா 18 மாசம்தான். அதுக்குள்ள ஸ்பான்சர் பண்ற கம்பெனி கிடைக்கலன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்புறம் எடின்பரோவோட விலை உங்களுக்கும் அவனுக்கும் ஒண்ணுதான்.

ஓசியில கிடைக்கறதுதான் பெருசு

நுழைவுச்சீட்டுக்கு வெறும் 25 பவுண்டு போட்டிருக்கேனேன்னு கேக்கலாம். பிரிட்டன்ல பாக்க வேண்டியதுல பாதிக்கு டிக்கெட்டே கிடையாது. தேசிய மியூசியங்கள்ல நிரந்தரக் காட்சிகள் 2001 டிசம்பர்லிருந்து இலவசம். யார்க்ல நேஷனல் ரயில்வே மியூசியம், எடின்பரோவுல நேஷனல் மியூசியம் ஆஃப் ஸ்காட்லாந்து, கிளாஸ்கோவுல கெல்வின்குரோவ், லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியமும் நேஷனல் கேலரியும், எல்லாமே உள்ள போக காசு கேக்காது.

யார்க் கோட்டைச்சுவர் மேல மூணு கிலோமீட்டருக்கு மேல இலவசமா நடக்கலாம். எடின்பரோ கோட்டைக்கு டிக்கெட் உண்டு. ஊருக்கு நடுவுல நிக்கற 251 மீட்டர் ஆர்தர்ஸ் சீட் குன்றுக்கு கிடையாது. நியூகாசில் பக்கம் ரோமானியர்கள் கி.பி. 122-ல கட்ட ஆரம்பிச்ச ஹேட்ரியன் சுவர் இருக்கு. கோட்டை, மியூசியத்துக்குத்தான் கட்டணம், சுவரோரம் நடக்கறதுக்கு இல்ல. அந்தப் பக்கம் போற பஸ்ஸோட நம்பரே ஏடி122. டைம்டேபிள் பாத்துட்டுப் போங்க. வேல்ஸ்ல 1,085 மீட்டர் ஸ்னோடன் மலை ஏற ஃபீஸ் கிடையாது; பாதை ஆரம்பிக்கற பென்-ஒய்-பாஸ்லயே ஹாஸ்டல் இருக்கு.

இங்கிலாந்துல பெரும்பாலான லோக்கல் பஸ்ல ஒரு தடவை போக உச்சவரம்பு 2023-ல 2 பவுண்டா இருந்தது, 2025 ஜனவரியிலிருந்து 3 பவுண்டு. ரயிலுக்கு 16-25 ரயில்கார்டு வருஷத்துக்கு 35 பவுண்டு, மூணுல ஒரு பங்கு தள்ளுபடி. அதாவது 105 பவுண்டு டிக்கெட்ல போட்ட காசு திரும்ப வந்துடும். வருஷம் முழுக்க பயன்படறதால மேல கணக்குல அதைச் சேர்க்கல. இன்னொண்ணு, நாலு வருஷம் இங்க வேலை பாத்துட்டு 27 வயசுல படிக்கப் போறவங்களும் முழுநேர ஸ்டூடண்ட்டா இருந்தா இதே கார்டு வாங்கலாம். பேரைப் பாத்துட்டு நிறைய பேர் விட்டுடறாங்க.

சரி, "சீப்பு" எங்க பொய் ஆகுது?

இப்போ அண்ணன் பக்கம் வர்றேன். தம்பி கணக்குல ரெண்டு ஓட்டை இருக்கு.

முதல் ஓட்டை, விட்ட சம்பளம். ஸ்டூடண்ட் விசாவுல டிகிரி படிக்கறவங்க டேர்ம் நேரத்துல வாரம் 20 மணி நேரம் வேலை பாக்கலாம். 21 வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு 2025 ஏப்ரல்ல குறைஞ்சபட்ச சம்பளம் மணிக்கு 12.21 பவுண்டா இருந்தது. ஒரு வார ஷிஃப்ட் விட்டா 244 பவுண்டு வராது. 285-ஓட இதைக் கூட்டுங்க, 529 பவுண்டு. கிட்டத்தட்ட 61,000 ரூபாய். "33 ஆயிரத்துல ஸ்காட்லாந்து"னு வீடியோ போடறவங்க இந்த வரியைச் சொல்லவே மாட்டாங்க. அதனாலதான் மேனேஜர்கிட்ட பேசி ஷிஃப்ட்டை முன்ன பின்ன மாத்திக்கிட்டு போறவன் கெட்டிக்காரன்.

ரெண்டாவது ஓட்டை, "லோன் காசு இல்ல, என் பார்ட் டைம் காசு"ங்கற வாதம். கேக்க நியாயமா இருக்கும். ஆனா காசுக்கு கலர் கிடையாது நண்பர்களே. அந்த 33,000-ஐ வாடகைக்குப் போட்டிருந்தா அடுத்த தவணை லோன்ல அவ்வளவு குறைச்சு வாங்கியிருக்கலாம். 11 சதவீத வட்டி, 10 வருஷம்னு பாத்தா 33,000 ரூபாய்க்கு மாசம் 455 ரூபாய் இஎம்ஐ. மொத்தமா கட்டறது சுமார் 54,500. படிக்கற காலத்துல ஏறுற வட்டி இதுல சேரல. ஆக, டிரிப்போட உண்மையான விலை 33 இல்ல, 55-க்கு கிட்ட.

இதெல்லாம் தெரிஞ்சும் போகலாம்னு ஏன் சொல்றேன்? மாசம் 455 ரூபாய்ங்கறது வேலைக்கு வந்தப்புறம் நாம வாரக்கடைசியில ஒரு தடவை ஆர்டர் பண்ற பிரியாணிக் காசு. லோனை மூழ்கடிக்கறது அது இல்ல. தேவையில்லாத தனி ஸ்டூடியோ ரூம், தினமும் வெளிச் சாப்பாடு, புது போன், இதெல்லாம்தான் ஆயிரக்கணக்கான பவுண்டை சத்தமில்லாம முழுங்கும். அதெல்லாம் ஸ்டேட்டஸ்ல வராது, அதனால நம்ம கண்ணுல படாது. எடின்பரோ போட்டோ வரும், அதனால அது மட்டும் உறுத்தும். செலவோட சைஸைப் பாத்துத் திட்டணும், போட்டோவைப் பாத்து இல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கு. கிளாஸ், ஷிஃப்ட், லைப்ரரி, ரூம்னு ஒரு வருஷத்தை ஓட்டிட்டு, அந்த நாட்டைப் பத்தி ஒண்ணுமே தெரியாம திரும்பறவங்க இருக்காங்க. லண்டனைத் தவிர வேற ஊர் தெரியாதவங்க லண்டன்ல மட்டுமே வேலை தேடுவாங்க. நியூகாசில்ல வாடகை எவ்வளவு குறைவுன்னு நேர்ல பாத்தவன் அந்த ஊருக்கும் விண்ணப்பம் போடுவான். பொதுச் சமையலறையில வேற நாட்டுக்காரங்களோட நின்னு முட்டை வேகவெச்சு, தனக்குத்தானே டிக்கெட் மாத்தி, லேட்டான ரயிலுக்கு வழி கண்டுபிடிக்கறது எதையும் சிவியில எழுத முடியாது. ஆனா பத்து நாள்ல பட்ஜெட் போடக் கத்துக் கொடுத்துடும்.

அண்ணன்-தம்பி ஒப்பந்தம்

திட்டறதுக்குப் பதிலா ஒரு தடவை வீடியோ கால்ல உக்காந்து நாலு விஷயம் பேசி முடிச்சுக்கோங்க.

1. உச்சவரம்பு. விசாவுக்கு, 2025 நவம்பர்லிருந்து, லண்டனுக்கு வெளிய படிக்கறவங்க மாசம் 1,171 பவுண்டு வீதம் 9 மாசத்துக்கு 10,539 பவுண்டு காட்டணும். அதுல 5 சதவீதம் வெச்சா 527 பவுண்டு. ஒரு பெரிய டிரிப், நாலஞ்சு ஒருநாள் டிரிப். அதோட சரி.

2. எமர்ஜென்சி காசு. ஒரு மாச வாடகையும் சாப்பாடும் தொடாம இருக்கணும். அது இல்லாம டிக்கெட் புக் பண்ணக்கூடாது. கிரெடிட் கார்டு, இப்போ வாங்கி அப்புறம் கட்டற ஆப், ரெண்டும் டிரிப்புக்கு வேண்டாம்.

3. அட்டெண்டன்ஸ். டேர்ம் நேரத்துல கிளாஸை விட்டுட்டு போகவே கூடாது. ஸ்டூடண்ட் வர்றானா இல்லையான்னு கண்காணிக்கறது யூனிவர்சிட்டியோட ஸ்பான்சர் கடமை. விசாவுல கை வெச்சா மொத்த லோனுக்கும் ஆபத்து. மாஸ்டர்ஸ்ல புராஜெக்ட் எழுதற கோடைக்காலமும் பொதுவா டேர்ம் கணக்குதான், ஞாபகம் வெச்சுக்கணும்.

4. தேதி. ஆகஸ்ட்ல எடின்பரோவுல ஃபிரிஞ்ச் விழா, ஹாஸ்டல் பெட் விலை பல மடங்கு ஏறும். வெள்ளி, சனி ராத்திரி எங்கயும் அதிகம். கிறிஸ்துமஸ் அன்னிக்கு ரயிலே ஓடாது, பல ஹாஸ்டலும் மூடியிருக்கும்.

இந்த நாலுக்குள்ள இருக்கற வரைக்கும் தம்பி சுத்தட்டும். இதைத் தாண்டினா கேளுங்க, கேக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு, கையெழுத்து உங்களோடது.

உங்கள்ல யாராவது அடுத்த வருஷம் வேலையை விட்டுட்டு மாஸ்டர்ஸ் போகப் போறீங்கன்னா, ஃபீஸ், வாடகை, சாப்பாடுன்னு எழுதற அதே எக்செல் ஷீட்ல "ஊர் பாக்க"ன்னு ஒரு வரியும், பக்கத்துல ஒரு தொகையும் இப்பவே எழுதிடுங்க. எழுதி வெச்ச செலவு கட்டுக்குள்ள நிக்கும். எழுதாத செலவுதான் இஎம்ஐயா வந்து நிக்கும்.

நீங்க கோ-அப்ளிகண்ட்டா? இல்ல அந்த "தம்பி"யா? உங்க பக்க நியாயத்தை எழுதுங்க. ரெண்டு பக்கத்தையும் வெச்சு அடுத்த வீடியோவுல பேசுவோம்.