நானூறு குதிரைக்கு லாடம்

குதிரை வாங்கப் போகிறவன் அதன் பிடரியைத் தடவிப் பார்ப்பான். பல்லைப் பிடித்துப் பார்ப்பான். விஷயம் தெரிந்தவனாயிருந்தால், குனிந்து காலைத் தூக்கிக் குளம்பையும் லாடத்தையும் பாராமல் பணத்தை எண்ணிக் கொடுக்கமாட்டான். மோட்டார் வண்டி வாங்கும் நம்மவர்களோ இவ்விஷயத்தில் மிகுந்த பெருந்தன்மை படைத்தவர்கள். "நானூறு குதிரைச் சக்தி" என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் உள்ளம் பூரித்து விடுகிறது. அந்த நானூறு குதிரைகளும் எதன்மீது காலை ஊன்றி ஓடப் போகின்றன என்று கேட்கத் தோன்றுவதேயில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியின் எடை 1,700 கிலோகிராம் என்று வைத்துக் கொள்ளுங்கள். சக்கரம் ஒன்றுக்குச் சுமார் 425 கிலோகிராம் பாரம். டயருக்குள் அடைத்திருக்கும் காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோகிராம், அதாவது ஏறக்குறைய 33 பவுண்டு. வகுத்துப் பார்த்தால், ஒரு டயர் பூமியைத் தொடும் பரப்பு சுமார் 185 சதுர சென்டிமீட்டர். விரித்து வைத்த ஒரு கையைவிடச் சற்றே அதிகம். டயரின் சுவரும் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குவதால் கணக்கு சிறிது முன்பின்னாக இருக்கலாம். ஆனால் உண்மை இதற்கு வெகு தூரத்தில் இல்லை. நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து, நேயர்கள் கையில் விரித்திருக்கும் இப்பத்திரிகையின் ஒரு பக்கத்தைவிடச் சிறிது பெரிய இடம். வண்டியை ஓட்டுவதும், திருப்புவதும், அவசரத்தில் நிறுத்துவதும் எல்லாம் அந்த இடத்தில்தான் நடந்தாக வேண்டும்.

இந்த ஞாபகத்துடன், சக்தி மிகுந்த வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்விக்கு வருவோம். "வண்டி தினந்தோறும் காரியாலயத்துக்கும் கோயிலுக்கும் போக வேண்டும், வருஷத்தில் மூன்று நான்கு நாட்கள் பந்தயத் தடத்திலும் ஓட வேண்டும். இரண்டுக்கும் பொருத்தமான டயர் எது?" என்பதே அக்கேள்வி.

சென்னைவாசிகளுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. ஒரு காலத்தில், சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுபாதையில் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்து வந்தன. பிறகு, ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள தடம் ஒன்று அமைந்து, 1990-ஆம் வருஷம் முதல் உபயோகத்துக்கு வந்தது. பந்தயக்காரரல்லாத வண்டிச் சொந்தக்காரர்களும் தத்தம் வண்டியைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்ப்பதற்கென்று அங்கே சில நாட்கள் ஒதுக்கப்படுவது உண்டு. நகரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். பெங்களூர் நெடுஞ்சாலையில் போய், மனம் நிறைய ஓட்டிவிட்டு, அதே வண்டியில் அதே நெடுஞ்சாலையில் வீடு திரும்ப வேண்டும். சங்கடமெல்லாம் அந்தத் திரும்பும் பிரயாணத்தில்தான் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்லுகிறோம்.

முதலில் ரப்பரின் சுபாவம். மிருதுவான ரப்பர், ரஸ்தாவின் நுண்ணிய மேடுபள்ளங்களில் நன்றாகப் பதிந்து இறுகப் பற்றும். ஆனால் விரைவில் தேய்ந்து போகும். கடினமான ரப்பர் அதிக காலம் உழைக்கும், பிடிப்பு குறைவு. டயர் செய்கிறவர்கள் எத்தனையோ யுக்திகளைக் கண்டுபிடித்து இவ்விரண்டுக்குமிடையே சமரசம் செய்து வைத்திருக்கிறார்கள். எனினும், ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க வேண்டும் என்ற நியதியை அடியோடு மாற்ற அவர்களாலும் முடியவில்லை.

பல டயர்களின் பக்கச் சுவரில் 'ட்ரெட்வேர்' என்று ஓர் எண்ணைப் பொறித்திருப்பார்கள். அது அமெரிக்க சர்க்கார் விதித்த முறை. 100 என்று மதிப்பிட்ட ஒரு மாதிரி டயரோடு ஒப்பிட்டு ஆயுளைக் குறிப்பது. சாலைக்கான உயர்தர வேக டயர்களில் சுமார் 300 என்றிருக்கும். தடத்தில் ஆசை வைத்தவர்கள் நாடும் டயர்களில் 200. 'ஸெமி ஸ்லிக்' எனப்படும் பாதி மொட்டை டயர்களில் 180, 100, சிலவற்றில் அதற்கும் கீழே. எண் குறையக் குறையப் பொதுவாகப் பிடிப்பு கூடும், ஆயுள் குறையும். ஆனால் இந்தப் பரீட்சையை நடத்தி மார்க்குப் போடுகிறவர்கள் டயர் செய்கிறவர்களே என்பதை மறக்கலாகாது. ஆகையால் ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட இந்த எண் உதவும். இரண்டு கம்பெனிகளின் டயர்களை ஒப்பிட அவ்வளவாக உதவாது.

தடத்தில் டயருக்கு நேர்வது என்ன? வேகம் இரண்டு மடங்கானால், வண்டியை நிறுத்துவதற்கு அடக்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. மணிக்கு 160 கிலோமீட்டரில் வந்து பிரேக்கை அழுத்துகிறவர், 80-ல் வந்து அழுத்துகிறவரைப்போல் நான்கு பங்கு வேலையை வாங்குகிறார். அதையும் சுற்றுக்குச் சுற்று, வளைவுக்கு வளைவு வாங்குகிறார். ரப்பர் காய்கிறது. தடத்துக்கென்று செய்த டயர் நன்றாகச் சூடேறிய பிறகுதான் தன் முழுப் பிடிப்பையும் காட்டும். சாலை டயரோ அந்தச் சூட்டில் ஏழெட்டுச் சுற்றுக்குப் பிறகு சோர்ந்து, வழுக்கத் தொடங்கும். வெளி ஓரம் உருண்டு தேயும். சில சமயம் ரப்பர் துண்டு துண்டாகப் பிய்ந்து போவதும் உண்டு. ஒரே நாளில் ஆயிரக் கணக்கான கிலோமீட்டருக்கான ஆயுள் கரைந்து போகலாம்.

"அப்படியானால் பாதி மொட்டை டயரையே போட்டுக் கொண்டு விடுகிறோம், தினப்படிச் சவாரிக்கும் அதுவே இருக்கட்டும்" என்று சில இளைஞர்கள் சொல்லக்கூடும். குளிர் தேசத்தில் இவர்களைத் தடுக்கப் பனி இருக்கிறது. சென்னையில் பனியில்லை, வெயிலில் எந்த ரப்பரும் இளகிக் கொடுக்கும். ஆனால் நமக்கு வேறொரு வாத்தியார் இருக்கிறார். அவர் பெயர் ஐப்பசி மழை.

மெக்கானிக்குகள் 'பட்டன்' என்று சொல்லும் டயரின் மேடுபள்ளங்கள் அழகுக்காக ஏற்பட்டவை அல்ல. ரஸ்தாவில் நிற்கும் தண்ணீரைச் சக்கரத்தின் அடியிலிருந்து வாரி வெளியே தள்ளுவதே அவற்றின் வேலை. தள்ளுவதற்கு நேரமில்லாத வேகத்தில், அல்லது தள்ளுவதற்குப் பள்ளமில்லாத டயரில் போனால், தண்ணீர் அடியில் சிக்கி வண்டியையே தூக்கிவிடுகிறது. அப்பொழுது வண்டி மிதக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் பயனில்லை. பிரேக்கை அழுத்தினாலும் பயனில்லை. புதிய சாலை டயரில் பள்ளத்தின் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். பாதி மொட்டை டயர் புதிதாக இருக்கும்போதே ஆழம் குறைவு. பள்ளங்களின் எண்ணிக்கையும் குறைவு. தடத்தில் ஒரு நாள் ஓடிய பிறகு மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. நெடுஞ்சாலையில் யாவரும் சர்வ சாதாரணமாய்ப் போகும் 80, 90 கிலோமீட்டர் வேகத்திலேயே தேய்ந்த டயர் மிதக்கக் கூடும்.

இப்பொழுது அந்தத் திரும்பும் பிரயாணத்தை மனத்தில் கற்பித்துப் பாருங்கள். மாலை நேரம். மழை பிடித்துக் கொண்டது. இருபுறமும் லாரிகள். ஓரத்தில் தலையில் கோணிப்பையைக் கவிழ்த்துக் கொண்டு ஆலைத் தொழிலாளர்கள் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள். காலையில் தடத்தில் இரண்டு விநாடியை மிச்சப்படுத்திக் கொடுத்த அதே டயர், இப்பொழுது அவர்களையும் வண்டியில் இருப்பவர்களையும் சேர்த்துப் பணயம் வைக்கிறது. பந்தயத் தடத்தில் தவறு செய்கிறவன் பெரும்பாலும் தானே அதன் பலனை அனுபவிக்கிறான். சாலையிலோ, தன் பெயரைக்கூட அறியாதவர்களை அனுபவிக்கச் செய்கிறான்.

ஆகையால் நமது தீர்ப்பு இது. ஒரே ஒரு ஜோடனை டயர்தான் வைத்துக்கொள்ள முடியும் என்பவர்கள் மழையை முதலில் நினைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நல்ல பள்ளமும், ஈரத்தில் நல்ல பிடிப்பும் உள்ள உயர்தர வேக டயரை வாங்கி, தடத்தில் அது சூடேறிச் சோரும்போது தாமும் சற்று இளைப்பாற வேண்டும். நான்கைந்து சுற்று ஓட்டுவது, ஒரு சுற்று மெதுவாகப் போய் ஆற விடுவது என்ற பழக்கம் டயருக்கும் நல்லது, பிரேக்குக்கும் நல்லது, ஓட்டுகிறவரின் இரத்தக் கொதிப்புக்கும் நல்லது. வருஷத்தில் ஐந்தாறு நாட்களுக்குமேல் தடத்துக்குப் போகிறவர்களோ, இரண்டாவதாக நான்கு ரிம் வாங்கி அதில் தட டயர்களைப் பூட்டி வைத்துக்கொள்வது உத்தமம். அங்கே போய் மாற்றி, ஓட்டிவிட்டு, மறுபடி மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். முதலில் செலவாகத் தோன்றினாலும், சாலை டயர் தடத்தில் அழியாமல் தப்புவதால் பின்னால் அது சிக்கனமாகவே முடியும்.

அடுத்தது அளவு. பெரிய ரிம்மும் மெல்லிய டயருமே அழகு என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. 255/35 ஆர் 19 என்ற டயரில், 255 என்பது மில்லிமீட்டரில் அகலம். 35 என்பது அந்த அகலத்தில் சுவரின் உயரம் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. 19 என்பது அங்குலத்தில் ரிம்மின் குறுக்களவு. கணக்கிட்டால் சுவரின் உயரம் 89 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 255/40 ஆர் 18 போட்டால் சுவர் 102 மில்லிமீட்டர். ஆனால் சக்கரத்தின் மொத்த உயரம் இரண்டிலும் ஏறக்குறைய 661 மில்லிமீட்டர்தான்! வேகங்காட்டும் கருவி ஏமாறாது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் கியர்களுக்கும் கேடில்லை. நமது நகரத்துக் குழிகளில் விழும்போது அந்த 13 மில்லிமீட்டர் ரப்பரின் அருமை தெரியும். பிரேக்குக்கு உள்ளே இடமிருந்தால் சிறிய ரிம்மே மேல். அளவுக்குப் பின்னால் வரும் குறியையும் பார்க்க வேண்டும். 96 ஒய் என்றிருந்தால் ஒரு டயர் 710 கிலோகிராம் பாரமும், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகமும் தாங்கும் என்று பொருள். வண்டியோடு வந்த குறிக்குக் கீழே ஒருபோதும் இறங்கலாகாது.

கடைக்குப் போகுமுன் இன்னொரு விஷயம். 2020-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் இந்திய சர்க்கார் வெளிநாட்டுப் புது டயர்களின் இறக்குமதியை அனுமதிச் சீட்டுக்கு உட்பட்டதாக்கினார்கள். அதன் பிறகு, அபூர்வமான அளவுகளைத் தேடி அலைந்த அன்பர்கள் பலர். ஆகையால் சிறந்த டயர் எது என்பதோடு, அதில் ஒன்று ஆணி குத்தியோ குழியில் வெடித்தோ போனால் அதே மாதிரி இன்னொன்று கிடைக்குமா என்பதையும் விசாரிக்க வேண்டும். உள்நாட்டுச் சரக்கை இளப்பமாக எண்ணுவதும் அழகல்ல. 1946-ல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யும் கொட்டகையாக ஆரம்பித்த எம்.ஆர்.எப்., பிற்பாடு பந்தய வண்டிகளுக்கே டயர் செய்யும் ஸ்தாபனமாக வளர்ந்தது என்பதை நினைவில் வைக்கலாம். எந்தச் சரக்கானாலும் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் படித்துப் பார்க்கவேண்டும். 2324 என்றால் 2024-ஆம் வருஷத்தின் 23-வது வாரத்தில் பிறந்தது. கிடங்கில் பல வருஷம் தூங்கி இறுகிப்போன டயரைத் தள்ளுபடி விலைக்குக் கொடுக்கிறவர் தருமவான் அல்லர்.

கடைசியாகக் காற்று. தடத்தில் டயர் காயும்போது உள்ளே காற்றின் அழுத்தம் 6 அல்லது 8 பவுண்டு ஏறிவிடும். ஓட்டத்தின் நடுவே அதை அளந்து, ஏறியதை இறக்கிவிடுவது வழக்கம். இல்லாவிட்டால் டயர் உப்பி, நடுப்பாகம் மட்டும் பூமியைத் தொடும். இப்படி இறக்கிய காற்றைத் திரும்ப அடைக்காமல் வீட்டுக்குக் கிளம்புவதுதான் பெரும் பிசகு. டயர் ஆறியதும் அழுத்தம் இருக்க வேண்டியதற்கும் கீழே போய்விடும். காற்றுக் குறைந்த டயர் தண்ணீரில் இன்னும் சீக்கிரமாக மிதக்கும். ஆகையால் அளவுகோல் ஒன்றும் சிறிய காற்றுப் பம்பு ஒன்றும் வண்டியிலேயே இருக்க வேண்டும். கிளம்புமுன் சக்கரத்து நட்டுகளை முடுக்கி, டயரின் உட்புறச் சுவரில் வீக்கமோ வெட்டோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட வேண்டும். சட்டம் 1.6 மில்லிமீட்டர் பள்ளம் போதும் என்கிறது. மழைக் காலத்தில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கியதுமே புது டயருக்குச் சொல்லி வைப்பது விவேகம்.

டயர்க் கடைக்காரர் வேகத்தைப் பற்றியும் பிடிப்பைப் பற்றியும் எவ்வளவோ சொல்லுவார். அவர் சொல்லி முடித்ததும், "இரவில், கொட்டுகிற மழையில், குழந்தைகளைப் பின் ஆசனத்தில் உட்கார வைத்துக் கொண்டு நீங்களே இந்த டயரில் போவீர்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். தயங்காமல் "போவேன்" என்றாரானால், பணத்தை எடுக்கலாம்.