கடல் மைல் கடலிலேயே இருக்கட்டும்

வீசையும் பலமும் பர்லாங்கும் நம் நாட்டில் சட்டத்தின் பாதுகாப்பை இழந்தது 1956-ஆம் ஆண்டின் எடை, அளவைத் தரச் சட்டத்தால்தான். சில ஆண்டுகளிலேயே துணிக்கடையில் மீட்டரும் மளிகைக் கடையில் கிலோவும் வந்து உட்கார்ந்துவிட்டன. அதே நாடாளுமன்றம் இருபது ஆண்டு கழித்து, 1976-இல், கடல் மண்டலங்கள் சட்டத்தை இயற்றியபோது கிலோமீட்டரைத் தொடவில்லை. நாட்டின் கடல் எல்லையை 12 கடல் மைல் என்றும், பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்தை 200 கடல் மைல் என்றும் வகுத்தது. தமிழ்நாட்டில் விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்கிற விதியும் அதே அளவில்தான் இருக்கிறது. தரைக்கு ஓர் அளவு, தண்ணீருக்கு வேறோர் அளவா, வெள்ளைக்காரர் விட்டுப்போன அடியையும் கெஜத்தையும் கைவிட்ட நாம் இதை மட்டும் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் கடல் மைலை அடி, கெஜத்தோடு ஒரே பட்டியலில் சேர்ப்பதில்தான் பிசகு இருக்கிறது.

அடி என்பது யாரோ ஒருவருடைய பாதத்திலிருந்து பிறந்தது; கெஜத்தின் கதையும் அப்படித்தான். கடல் மைலோ பூமியிலிருந்து பிறந்தது. நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வரை அட்சரேகை 90 பாகை. ஒரு பாகைக்கு 60 கலை. அந்த ஒரு கலை தூரத்தைத் தெற்கு வடக்காகக் கடந்தால் அது ஒரு கடல் மைல். இதை 1,852 மீட்டர் என்று நிலைப்படுத்தியது 1929-இல் மொனாக்கோவில் கூடிய சர்வதேச நீர்ப்பரப்பியல் மாநாடு. அமெரிக்கா 1954 வரையிலும் பிரிட்டன் 1970 வரையிலும் சற்றே நீளமான தத்தம் மைலையே வைத்திருந்தன என்பதும் உண்மை. வேடிக்கை என்னவென்றால், இதற்குப் போட்டியாக நிறுத்தப்படும் மீட்டரும் அதே பூமியின் பிள்ளைதான். பிரெஞ்சுப் புரட்சிக்காலத்தில் துருவத்துக்கும் நிலநடுக்கோட்டுக்கும் இடைப்பட்ட தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்குதான் மீட்டர் என்று முடிவு செய்தார்கள். தெலாம்பர், மெஷேன் என்ற இரு வானியலாளர்கள் டன்கிர்க்கிலிருந்து பார்சிலோனா வரை ஆண்டுக்கணக்கில் அளந்து அந்த நீளத்தைக் கண்டார்கள். அதோடு புரட்சிக்காரர்கள் நிற்கவில்லை. செங்கோணத்தை 90-க்குப் பதிலாக 100 பங்காகவும், ஒவ்வொரு பங்கையும் மீண்டும் 100 ஆகவும் பிரிக்க முனைந்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு சிறு பங்கு பூமியின் மேல் சரியாக ஒரு கிலோமீட்டர். அதாவது, புரட்சிக்காரர்கள் கனவு கண்ட உலகில் கிலோமீட்டர்தான் கடல் மைலாக இருந்திருக்கும். மீட்டர் வென்றது, நூறு பங்குக் கோணம் தோற்றது. உலகம் 360 பாகையை விடவில்லை. ஆகவே கடல் மைலை ஒழிக்க விரும்புபவர்கள் முதலில் ஒழிக்க வேண்டியது பாகையை.

கோணத்துக்கும் தூரத்துக்கும் உள்ள இந்த உறவால் என்ன லாபம்? மாலுமியின் மேசையில் விரிந்திருக்கும் வரைபடத்தைப் பார்த்தால் தெரியும். கடல் வரைபடங்களில் பெரும்பாலானவை மெர்கேட்டர் முறையில் வரையப்பட்டவை. துருவத்தை நோக்கிப் போகப் போக அவற்றில் எல்லாம் பெரிதாகும். 60 பாகை அட்சரேகையில் ஒரு தீவு நிலநடுக்கோட்டில் இருப்பதைவிட இரு மடங்கு அகலமாகத் தெரியும். பெரும் பரப்பைக் காட்டும் அப்படிப்பட்ட தாளின் மூலையில் ஒரே ஒரு கிலோமீட்டர் அளவுகோலைப் போட்டு வைத்தால் அது ஓரிடத்துக்குச் சரி, மற்ற இடத்துக்குத் தப்பு. மாலுமி கவராயத்தை விரித்து இரண்டு புள்ளிக்கு நடுவே வைக்கிறார், அதே மட்டத்தில் தாளின் ஓரத்திலுள்ள அட்சரேகை அளவில் பொருத்துகிறார், எத்தனை கலை என்று எண்ணுகிறார். அவ்வளவுதான், பெருக்கலும் இல்லை, வகுத்தலும் இல்லை. நமக்கு மிக நெருக்கமான ஓர் உதாரணம் 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட பாக் நீரிணை எல்லை ஒப்பந்தம். அந்த எல்லை ஆறு புள்ளிகளால் ஆனது. ஐந்தாவது புள்ளி வடக்கு 9 பாகை 13 கலை, ஆறாவது 9 பாகை 6 கலை. இரண்டும் கிழக்கு 79 பாகை 32 கலையில் ஒரே நேர்கோட்டில் உள்ளன. இடைப்பட்ட தூரம் 7 கடல் மைல் என்பதைப் படித்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். ஐரோப்பிய மாலுமியின் கணக்கு மட்டும் இது அல்ல. சோழமண்டலக் கரை மாலுமிகள் ராப்பலகை என்ற சிறு மரப்பலகையையும் முடிச்சிட்ட கயிற்றையும் கொண்டு துருவ நட்சத்திரத்தின் உயரத்தைப் பார்த்ததை 1850-இல் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்தார். கயிற்றின் ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகம். கோணத்தால் இடத்தை அறிவது இந்தக் கடலுக்கும் பழக்கப்பட்ட வித்தைதான்.

வேகத்துக்கான நாட் அலகும் இதன் நிழலே: மணிக்கு ஒரு கடல் மைல். கப்பலின் பின்புறமிருந்து ஒரு மரத்துண்டைக் கயிற்றோடு நீரில் விட்டு, 28 வினாடி மணற்கடிகை ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையை விட்டுப் போகிறது என்று எண்ணினார்கள். முடிச்சுகளுக்கு நடுவே சுமார் 14.4 மீட்டர். மைலின் நீளம் முதலில் தவறாகவே பிடிபட்டிருந்தது. பழைய ஆங்கிலக் கணக்கில் அது 5,000 அடி. லண்டனிலிருந்து யார்க் வரை அளந்து பார்த்த ரிச்சர்ட் நார்வுட் 1637-இல் வெளியிட்ட நூலில், ஒரு கலைக்கு ஏறக்குறைய 6,120 அடி என்று காட்டினார். மாலுமிகள் உடனே கேட்கவில்லை. குறுகிய முடிச்சு கப்பலின் வேகத்தைக் கூட்டிக் காட்டும். கரை உண்மையில் இருப்பதைவிடக் கிட்டத்தில் இருப்பதாக நினைப்பவர் முன்கூட்டியே விழித்துக்கொள்வார் என்பது அவர்கள் வாதம். அறிவியலுக்கு அது பிடிவாதம்; பாறையில் மோதாமல் வீடு திரும்ப வேண்டியவனுக்கு அது விவேகம்.

எதிர்ப்பவர்களின் வலுவான வாதம், இரண்டு அளவுகள் இருந்தால் குழப்பம் வரும், குழப்பம் உயிரை வாங்கும் என்பது. மறுக்கவே முடியாது. கொலம்பஸ் பூமியைச் சிறியதாக நினைத்ததற்கு ஒரு காரணம், பாகைக்கு 56⅔ மைல் என்ற, வானியலாளர் அல் ஃபர்கானியின் கணக்கிலிருந்த அரபு மைலை அதைவிடக் குட்டையான ரோமானிய மைலாக எடுத்துக்கொண்டது. ஆனால் இந்த உதாரணம் யார் பக்கம் பேசுகிறது? இன்று உலகக் கப்பல்கள் அனைத்தும் தூரத்துக்கு ஒரே மைலைத்தான் பயன்படுத்துகின்றன, ஐ.நா.வின் 1982 கடல் சட்ட உடன்படிக்கையும் அதில்தான் எழுதப்பட்டது. விமானிகளும் நாட் கணக்கில்தான் பேசுகிறார்கள். இதைக் கிலோமீட்டருக்கு மாற்றப் போனால் வரைபடம், கருவி, சட்டம், ஒப்பந்தம் எல்லாம் ஒரே நாளில் மாறாது. பாதி கப்பல் ஒன்றிலும் பாதி மற்றொன்றிலும் ஓடும் ஓர் இடைக்காலம் வரும். இல்லாத குழப்பத்தை நாமே உண்டாக்குவதாகத்தான் அது முடியும். கடலோடிகள் மெட்ரிக் முறைக்கு விரோதிகள் என்று நினைப்பதும் சரியல்ல. ஆழத்தைப் பாகத்தில் அளந்த பிரிட்டிஷ் வரைபடங்கள் 1960-களின் பிற்பகுதியிலிருந்து மீட்டருக்கு மாறத் தொடங்கின. இரு கை விரித்த நீளமான பாகத்துக்குப் பூமியின் கோணத்தோடு சம்பந்தமில்லை, அதனால் அதை விட்டுக்கொடுக்க முடிந்தது. மைலை விடாததற்குக் காரணம் பழமைப் பற்று என்றால் பாகத்தையும் விட்டிருக்க மாட்டார்கள்.

ஜி.பி.எஸ். வந்த பிறகு கவராயம் எதற்கு என்பது அடுத்த கேள்வி. கருவி எந்த அலகில் கேட்டாலும் சொல்லும் என்பது சரி. ஆனால் மீனவரின் கையிலுள்ள ஜி.பி.எஸ். இடத்தைக் காட்டுவதும் பாகையிலும் கலையிலும்தானே? அட்சரேகையில் கடைசி இரண்டு எண்ணைப் பார்த்தே எல்லைக்கு எத்தனை மைல் தெற்கில் அல்லது வடக்கில் நிற்கிறோம் என்று மனக்கணக்காகச் சொல்லிவிடலாம், 1.852-ஆல் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சமிக்ஞை தடைபட்டால் மீண்டும் தாளும் நட்சத்திரமும்தான் துணை. 1990-களின் இறுதியில் வானியல் வழிகாணலைப் பாடத்திலிருந்து எடுத்த அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி, 2015-இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது சும்மா அல்ல.

இன்னொரு குறை உண்மையிலேயே உண்டு. பூமி முழு உருண்டை இல்லை, துருவங்களில் சற்றே தட்டையானது. எனவே ஒரு கலையின் நீளம் நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 1,843 மீட்டர், துருவத்தில் 1,861-க்கும் மேல். பாக் நீரிணையில் மேலே சொன்ன 7 கலை, சட்டப்படியான 7 கடல் மைலைவிடச் சுமார் 60 மீட்டர் குறைவு. எல்லை நிர்ணயிக்கும் நிலஅளவையாளர் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். கப்பல் ஓட்டுபவருக்கு அலையும் நீரோட்டமும் அதைவிடப் பெரிய பிழைகளைத் தருகின்றன.

இவ்வளவு சொன்ன பிறகு, கரையில் இருப்பவர்மேல் இந்த அளவைத் திணிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. புயல் அறிவிப்பில் காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டர், 89, 118 என்று முழுப் பத்துகளாக அமையாத எண்களாக வருவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அவை 34, 48, 64 நாட் என்ற வரம்புகளின் கிலோமீட்டர் வடிவம். ஓட்டு வீட்டில் இருப்பவருக்குக் கிலோமீட்டர் சொல்வதுதான் முறை. நாளிதழ்கள் செய்ய வேண்டியது, கடல் செய்தியில் இரண்டையும் அடுத்தடுத்து அச்சிடுவதும், மணிக்கு இத்தனை நாட் என்று எழுதாமலிருப்பதும்தான் (நாட் என்பதற்குள்ளேயே மணி அடங்கியிருக்கிறது). முக்கியமாக, கடல் மைலை வெறும் மைல் என்று சுருக்கிவிட்டுச் சாலை மைல் கணக்கில் கிலோமீட்டராக்கக் கூடாது. 5 கடல் மைல் 9.26 கிலோமீட்டர், 5 சாலை மைல் 8.05. செய்தியில் தொலையும் அந்த 1.2 கிலோமீட்டர், விசைப்படகு நுழையக் கூடாது என்று நாட்டுப்படகு மீனவருக்காகச் சட்டம் ஒதுக்கி வைத்த கடல்.