தீவில் முதல் நாள்

லோயர் கேம்ப்பில் வாழும் நமக்குத் தண்ணீர் என்றால் மலையிலிருந்து பெருங்குழாய்களில் இறங்கி, மின்சாரம் தந்துவிட்டு வயல் நோக்கி ஓடுவது. இவ்வாண்டு விடுமுறைக்கு இலட்சத்தீவு செல்ல எண்ணியிருப்பீர்களாயின், ஆறே இல்லாத ஊருக்குப் போகிறீர்கள் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள்.

குமுளி மலைப்பாதை ஏறிக் கோட்டயம் வழியாகக் கொச்சி சென்றால் கப்பல் ஏறலாம். அனுமதிச் சீட்டு இன்றித் தீவுக்குள் விடமாட்டார்கள், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் கடல் கொந்தளிக்கும். கோடை விடுமுறையின் கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.

கப்பலில் இரவைக் கழித்துத் தீவில் இறங்கியதும், பச்சையும் நீலமுமாய்க் கிடக்கும் காயலைக் கண்டு பிள்ளைகள் குதிக்கத் துடிப்பார்கள். சற்றே பொறுக்கச் சொல்லுங்கள். கப்பலில் தலைசுற்றியவர் முற்பகல் ஓய்வெடுப்பது நலம். தீவு மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஒரு ஸலாம் போதும், அந்நியம் அகன்றுவிடும். கடற்கரையும் அவர்களது ஊர்த்தெருவே. உடையில் கண்ணியம் வேண்டும்.

இனி நீருக்குள் இறங்குவோம். முகத்தில் கண்ணாடிக் கவசம், வாயில் மூச்சுக்குழாய், காலில் துடுப்பு, இவ்வளவே கருவி. குப்புற மிதந்தபடி வாயால் மெதுவாக மூச்சு விட வேண்டும். முதலில் இடுப்பளவு நீரில் நின்று, முகத்தை மட்டும் அமிழ்த்திப் பழகுங்கள். தாடி தடையன்று, அடர்ந்த மீசைதான் கவசத்தின் விளிம்பைப் பொருந்தவிடாமல் நீரை உள்ளே விடும்! நீந்தத் தெரியாதவர் மிதவைச் சட்டை அணிந்து, வழிகாட்டியுடன் மட்டுமே செல்க. பெண்கள் கரையிலமர்ந்து துணிக்குக் காவல் இருக்க வேண்டுமென்று எவரும் விதிக்கவில்லை. ஆனால் தளர்ந்த அங்கி நீரில் கனத்துக் காலைச் சுற்றும்; உடல் முழுவதும் மறைக்கும் நீச்சலுடையே ஏற்றது. முதுகை வெயில் சுடாமல் காப்பதால் ஆண்களுக்கும் அது நல்லது.

உள்ளே காண்பவை யாவும் உள்ள அளவினும் பெரிதாக, கைக்கெட்டும் தொலைவில் இருப்பனபோல் தோன்றும். பல நிறக் கிளிமீன் பவளப்பாறையைக் கொறிக்கும் ஓசை காதில் விழும். அது தின்று கழித்த துகளும் நீங்கள் நடந்துவந்த வெண்மணலில் கலந்திருக்கிறது. பாறை என்கிறோமேயன்றி, பவளம் சிறு விலங்குகளின் குடியிருப்பு. களைத்தவர் அதன்மேல் ஒரு கால் ஊன்றினால், பல்லாண்டு வளர்ச்சி நொறுங்கும். ஒரு துண்டைக்கூட நினைவுப்பொருளாக எடுத்து வராதீர்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

ஆங்காங்கே எலும்புபோல் வெளுத்த பவளமும் கண்ணில் படலாம். 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் மிகையாகச் சூடேறியதால் பவளம் பெருமளவில் வெளுத்தது. மீளுமுன் மீண்டும் அடி விழுந்தால் அது எப்படித் தாங்கும்? தீவைச் சுற்றி அலையை உடைத்து நிற்பது இந்தப் பவள அரண்தான். அரண் தளர்ந்தால் கரை அரிக்கும், கிணற்றிலும் உப்பேறும்.

அந்தக் கிணறு ஒரு விந்தை. மணலில் இறங்கிய மழைநீர், அடியிலுள்ள கடல்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அதிகமாக இறைத்தால் உவர்நீர் மேலேறும். இதனால்தான் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2005இல் கவரத்தியில் அமைக்கப்பட்டது. நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் தருமாறு கட்டினார்கள்.

மாலையில் உப்பைக் கழுவிக் குளிக்க ஒரு வாளி போதும். பிள்ளைகள் குழாயைத் திறந்துவிட்டு விளையாடினால், இது நம்மூர்த் தண்ணீர் அன்று எனச் சொல்லி மூடச் செய்யுங்கள்.