முதலில் உங்கள் மூக்கு... அப்புறம்தான் குழந்தை!

கோபி பக்கத்து கிராமத்தில் இருக்கிற எங்கள் பெரியம்மா, முதல் முறையாக விமானம் ஏறப் போகிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு இரண்டாவது பிரசவம். மகளின் நாலு வயசு மூத்த பையனையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பருப்புப் பொடி, லேகியம், பழைய வேட்டித் துணி எல்லாம் கட்டியாகிவிட்டது.

சும்மா பேச்சுவாக்கில் கேட்டேன்: "பெரிம்மா, ப்ளேன்ல திடீர்னு தலைக்கு மேல இருந்து ஆக்ஸிஜன் மாஸ்க் தொங்குச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"இதென்ன கண்ணு கேள்வி? பையனுக்குத்தான் மொதல்ல போட்டு விடோணும். நமக்கு அப்பறம் பாத்துக்கலாம்!"

எந்த அம்மாவைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். பாசமான பதில். ஆனால், தப்பான பதில்! அதனால்தான் இந்தக் கட்டுரை.

மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு தாண்டி மேலே ஏறும்போது 'டப்'பென்று காது அடைக்கும் இல்லையா? உயரம் போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஊட்டி சுமார் 7,350 அடி உயரம். நீங்கள் விமானத்தில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் உடம்பு உணர்வதும் ஏறக்குறைய ஊட்டி உயரத்தைத்தான். வெளியே விமானம் பறப்பதோ 35,000 அடியில். எவரெஸ்ட்டே 29,000 அடி சொச்சம்தான்! வெளிக்காற்றை அழுத்தி உள்ளே செலுத்திக்கொண்டே இருப்பதால்தான் நாம் காபி குடித்தபடி ஹாயாகப் போகிறோம்.

அந்த ஏற்பாடு கெட்டால்?

2018 செப்டம்பர் 20. மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் கிளம்பிய ஜெட் ஏர்வேஸ் விமானத்தில் 166 பயணிகள். மேலே ஏற ஏறக் காதுவலி, தலைவலி. மாஸ்க்குகள் தொங்கின. முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு மூக்கிலோ காதிலோ ரத்தம். விமானம் மும்பைக்கே திரும்பியது. அழுத்தத்தைப் பராமரிக்கும் ஸ்விட்சைப் போட விமானிகள் மறந்ததுதான் காரணம் என்று அப்போது விமானப் போக்குவரத்து அதிகாரிகள் சொன்னார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

2005 ஆகஸ்ட் 14-ல் சைப்ரஸிலிருந்து ஏதென்ஸ் நோக்கிப் பறந்த ஹீலியோஸ் விமானத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அழுத்தத்துக்கான ஸ்விட்ச் தவறான நிலையில் இருந்தது. எச்சரிக்கை மணி அடித்தும் விமானிகள் அதை வேறு ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களே நினைவிழந்தார்கள். ஆளில்லாத வண்டி மாதிரி தானாகப் பறந்த விமானம் எரிபொருள் தீர்ந்து மலையில் விழுந்தது. 121 பேரும் பலி.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? ஆக்ஸிஜன் குறைந்தால் மூச்சு முட்டும், தவிப்பு வரும், நமக்கே தெரிந்துவிடும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லவே இல்லை! லேசான கிறுகிறுப்பு, ஒரு மிதப்பு, 'எல்லாம் சரியாத்தான் இருக்கு' என்ற சந்தோஷம்கூட வரலாம். மூளை மங்குவது அந்த மூளைக்கே தெரியாது. 35,000 அடியில் அழுத்தம் போய்விட்டால், தெளிவாக யோசித்துக் கை வேலை செய்ய நமக்குக் கிடைப்பது அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம்.

இப்போது பெரியம்மாவின் பதிலுக்கு வருவோம். நாலு வயசுப் பையன் சும்மா இருப்பானா? பயந்து அழுவான், தலையை ஆட்டுவான், மாஸ்க்கைப் பிடுங்குவான். அவனோடு மல்லுக்கட்டுவதிலேயே அந்த அரை நிமிடம் போய்விடும். பாட்டி சாய்ந்துவிட்டால் பையனுக்கு யார் போடுவது? அதுவே பாட்டி முதலில் தனக்குப் போட்டுக்கொண்டால் ஐந்து விநாடிதான். அதற்குள் பையன் கொஞ்சம் துவண்டாலும், மாஸ்க் போட்டதும் சீக்கிரமே தெளிந்துவிடுவான். ஆக, தனக்கு முதலில் போட்டுக்கொள்வது சுயநலம் இல்லை. குழந்தையைக் காப்பாற்றுவதற்கான முதல் படியே அதுதான்!

வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிட்டே பழகிய நம் பெண்களுக்கு இது மனசுக்கு ஒப்பாது. அதனால்தான் தரையில் இருக்கும்போதே சொல்லிப் பழக்க வேண்டும் என்கிறேன்.

மாஸ்க் தொங்கியதும் அதை நன்றாக உங்கள் பக்கம் இழுங்கள். இழுத்தால்தான் ஆக்ஸிஜன் வர ஆரம்பிக்கும். மூக்கு, வாய் இரண்டையும் மூட வேண்டும். 2018 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரு விமானத்தின் ஜன்னல் உடைந்தபோது, பலர் வாயை மட்டும் மூடியிருந்தது போட்டோவில் தெரிந்தது. கூட இருக்கும் பை உப்பவில்லையே என்று பதறாதீர்கள். ஆக்ஸிஜன் வந்துகொண்டுதான் இருக்கும். கருகின வாசனை வந்தாலும் பயம் வேண்டாம், ஆக்ஸிஜன் தயாராகும் சூட்டினால் வருவது அது. மூச்சை அடக்காமல் இயல்பாக விடுங்கள். பெல்ட்டைக் கழற்றாதீர்கள்.

விமானம் சர்ரென்று இறங்கும். விழுகிறது என்று அலற வேண்டாம். விமானி வேண்டுமென்றேதான் சுமார் 10,000 அடிக்கு இறக்குகிறார். நம் தொட்டபெட்டாவை விடக் கொஞ்சம்தான் அதிகம். அங்கே மாஸ்க் இல்லாமலே மூச்சு விடலாம். அதுவரைக்கும் தாங்கத்தான் பன்னிரண்டு நிமிடம் போல ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். மடிக்குழந்தைக்குக் கூடுதல் மாஸ்க் எந்தப் பக்கம் என்று ஏறியதுமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடும் ஜலதோஷம், காதில் சீழ், சமீபத்தில் காது ஆபரேஷன், இதய நோய், நுரையீரல் நோய், கடும் ரத்தசோகை... இப்படி எது இருந்தாலும் டிக்கெட் போடும் முன்பே டாக்டரைக் கேளுங்கள்.

விமானக் கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. கோவையிலிருந்து பறப்பவர்கள் எல்லாம் சூட்கேஸ் தூக்கிய ஆபீஸர்கள் இல்லை. சேலைத் தலைப்பில் காசு முடிந்து வரும் அம்மாக்களும் உண்டு. உயிர் காக்கும் இந்த அறிவிப்பை இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் மட்டும் கடகடவென்று ஒப்பித்தால் அவர்களுக்கு என்ன புரியும்? தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு விமானத்திலும் இதைத் தமிழில் சொல்லியே ஆக வேண்டும். இது மொழிப் பெருமைக்காக இல்லை, உயிருக்காக!

நான் எல்லாம் சொல்லி முடித்ததும் பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"செரி கண்ணு... நான் இருந்தாத்தானே அவனைப் பாத்துக்க முடியும்? மொதல்ல எனக்கே போட்டுக்கறேன்."

உங்கள் வீட்டுப் பெரியம்மாவிடமும் இதை ஒருமுறை சொல்லி வையுங்களேன்!