மட்டைமில் குட்டையும் குடிதண்ணீர்க் கிணறும்

தாராபுரம் வட்டாரத்தில் மழை என்றால் கொண்டாட்டம். அமராவதி பாயும் பக்கம் வயல் விளையும். மற்ற இடங்களில் கிணறுதான் கதி. ஐப்பசியில் மேகம் கறுத்தால் குடியானவர் முகம் மலரும்.

ஆனால் அதே மேகத்தைக் கண்டு கவலைப்பட வேண்டிய இடம் ஒன்றும் அங்கே உண்டு. அதுதான் மட்டைமில்லின் கழிவுநீர்க் குட்டை.

குப்பைக்கு வந்த மவுசு

தேங்காய் மட்டையை இயந்திரத்தில் அடித்தால் நார் ஒரு பங்கு வரும். தூள் இரண்டு பங்கு வரும். நார் கயிறாகும், மெத்தையாகும். தூளை ஒரு காலத்தில் யாரும் சீந்தவில்லை. மில் ஓரத்தில் மலைபோலக் குவித்தார்கள். தீ வைத்துக் கொளுத்தினார்கள்.

இன்று அந்தத் தூளுக்குத்தான் கிராக்கி. 'காயர் பித்' என்ற பெயரில் கட்டி கட்டியாகக் கப்பல் ஏறுகிறது. தன் எடையைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு தண்ணீரை அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகையால் ஹாலந்து, தென் கொரியா போன்ற நாடுகளில் மண்ணுக்குப் பதிலாக இதிலேயே தக்காளி, மிளகாய்ச் செடிகளை வளர்க்கிறார்கள். பல்லடம், காங்கயம், தாராபுரம், பொள்ளாச்சிப் பகுதிகளில் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்தத் தொழில் சோறு போடுகிறது.

ஏன் கழுவ வேண்டும்?

தென்னை மட்டையில் இயற்கையாகவே உப்பு உண்டு. உப்போடு தூளை அனுப்பினால் வெளிநாட்டுச் செடி கருகிவிடும். ஆகவே தூளைத் தண்ணீர் விட்டு அலசுகிறார்கள். சில வகைத் தூளைக் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரிலும் ஊறவைக்கிறார்கள்.

அலசிய நீர் கடுங்காப்பி நிறத்தில் வெளியே வரும். அதில் மட்டையின் துவர்ப்பு இருக்கும், உப்பு இருக்கும், நைட்ரேட்டும் இருக்கக்கூடும். துவர்ப்பு நீர் குளத்தில் கலந்தால், அது மட்கும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். மீன் மூச்சுத் திணறிச் செத்து மிதக்கும்.

இது மட்டைக்கு மட்டும் உள்ள தொல்லை அல்ல. மரக் கிடங்குகளிலும் இதே கதைதான். 2005 ஜனவரியில் ஸ்வீடன் தேசத்தில் அடித்த பெரும் புயலில், ஏறத்தாழ ஏழரைக் கோடி கன மீட்டர் மரம் சாய்ந்தது. மரம் வெடிக்காமலும் பூச்சி அரிக்காமலும் இருக்க, அதைக் குவித்து வைத்து நீர் தெளித்தார்கள். குவியலிலிருந்து வடிந்ததும் இதேபோன்ற பழுப்பு நீர்தான். மரமானாலும் மட்டையானாலும், வடியும் நீருக்கு வழி செய்வது தொழிலில் ஒரு பகுதி.

ஒரு அங்குல மழையின் கணக்கு

மில்லில் குட்டை வெட்டி அழுக்கு நீரைத் தேக்கிவிட்டால் போதாதா? போதாது. குட்டையை நிரப்புவது மில் மட்டும் அல்ல, வானமும் நிரப்பும்.

ஒரு ஏக்கர் களத்தில் ஒரு அங்குல மழை பெய்தால், விழும் தண்ணீர் சுமார் ஒரு லட்சம் லிட்டர். 10,000 லிட்டர் பிடிக்கும் டாங்கர் லாரியில் பத்து லாரித் தண்ணீர்! ஒரே இரவில் மூன்று அங்குலம் கொட்டினால் முப்பது லாரி. ஏற்கெனவே தளும்பி நிற்கும் குட்டை என்ன செய்யும்? கரை வழியும். வழிந்தது ஓடைக்குப் போகும். ஓடை குளத்துக்குப் போகும்.

கரை வழியாவிட்டாலும் ஆபத்து உண்டு. கொங்கு நாட்டுப் பூமி பாறைப் பூமி. பாறையின் வெடிப்புகளில்தான் நிலத்தடி நீர் ஓடுகிறது. வெறும் மண் குட்டையில் தேங்கும் நீர் அந்த வெடிப்பு வழியே இறங்கினால், அக்கம்பக்கத்துக் கிணற்றில் தலைகாட்டும். கிணற்றுத் தண்ணீர் பழுப்பாகிவிட்டதென்று கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கிராமத்து ஜனங்கள் முறையிட்டதன் காரணம் இதுவே.

நிறம் போகும், உப்பு போகாது

சில நாள் கழித்து நீர் தெளிந்துவிட்டால், 'தண்ணீர் நல்லதாகிவிட்டது' என்று எண்ணுவது தவறு. துவர்ப்பு காலப்போக்கில் மட்கும். உப்பு மட்காது. நைட்ரேட் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் போகாது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாது என்பது இந்தியத் தர அளவு. மிஞ்சினால், அந்த நீரில் பால்மாவு கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கு உடல் நீலம் பாரிக்கும் நோய் வரலாம். ஆகவே சந்தேகமுள்ள கிணற்று நீரைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிப் பார்ப்பதே முறை.

நொய்யல் சொல்லும் பாடம்

தாராபுரத்துக்கு வடக்கே நொய்யல் ஆறு இருக்கிறது. பாசனத்துக்காக அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டி 1992-ல் திறந்தார்கள். ஆனால் திருப்பூர்ச் சாயக் கழிவு அணையில் வந்து தேங்கியது. வயலுக்குப் பாய வேண்டிய நீரைக் கண்டு விவசாயிகள் அஞ்சினார்கள். வழக்கு நடந்தது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத ஏற்பாடு செய்யும் வரை சாயப் பட்டறைகளை மூட வேண்டும் என்று 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடப்பட்டன. அன்றாடக் கூலிக்காரர்தான் முதலில் வாடினார்.

மட்டைமில்களுக்கும் எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது. மாசு இல்லாத 'வெள்ளை' வகையில் இருந்த இத்தொழிலை, 2021-ல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 'ஆரஞ்சு' வகைக்கு மாற்றியது. சிறு முதலாளிகள் செலவைச் சொல்லி ஆட்சேபித்தார்கள். செலவு உண்மைதான். ஆனால் மில்லையே மூட நேர்ந்தால் வரும் நஷ்டத்தைவிட அது குறைவு.

வழி என்ன?

வழி கடினமல்ல. தூள் அலசும் களத்துக்குச் சிமெண்ட் தளம் போட வேண்டும். குட்டையின் அடியிலும் கரையிலும் நீர் இறங்காத கெட்டித் தாள் விரிக்க வேண்டும். முதல் அலசலுக்குப் பழைய நீர், கடைசி அலசலுக்கு மட்டும் புது நீர் என்று திருப்பித் திருப்பிப் பயன்படுத்த வேண்டும். உப்பு மிகுந்துபோன மிச்ச நீரைத் தனித் தொட்டியில் வெயிலில் வற்றவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மழைநீரையும் அழுக்கு நீரையும் சேரவிடக்கூடாது. கூரையில் விழும் மழை நல்ல நீர். அதற்குத் தனி வாய்க்கால் வேண்டும். வெளியிலிருந்து வரும் வெள்ளம் களத்துக்குள் நுழையாதபடி சுற்றிலும் வரப்புப் போட வேண்டும். குவியலைத் தார்ப்பாயால் மூட வேண்டும். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே குட்டையைப் பாதிக்குக் கீழே வற்ற வைத்து, மழைக்கு இடம் விட வேண்டும்.

தென்னந்தோப்புக்காரர்தான் மில்லுக்கு மட்டை விற்கிறார். அவர் வீட்டுப் பெண்கள் தண்ணீர் சேந்துவதோ பக்கத்துக் கிணற்றில். மட்டைக்குக் கிடைக்கும் காசும் வேண்டும், கிணறும் கெடக்கூடாது. இரண்டும் நிலைக்குமா என்பதை, அடுத்த பெருமழை இரவில் அந்தக் குட்டையின் கரைதான் சொல்லும்.